மூருக்குப் பிறகு முளைத்தது

‘ஸ்வாம்ப் திங்’ என்றால் காமிக்ஸ் வாசகர்களுக்கு உடனே ஆலன் மூர்தான் நினைவுக்கு வருவார். 1984-இல் அவர் கைக்கு வந்த பிறகுதான் அந்தத் தொடருக்கு உயிர் வந்தது, உண்மை. ஆனால் 1987-இல் அவர் 64-ஆம் இதழோடு விடைபெற்றதும் கதையே முடிந்துவிட்டது போலப் பலர் பேசுவது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அடுத்த இதழிலிருந்து 87 வரை ரிக் வீட்ச் எழுதியதை ஒரு பெரிய விருந்துக்குப் பின் மிஞ்சியதைப் போல ஒதுக்குகிறார்கள். அமெரிக்க அமானுஷ்யக் காமிக்ஸில் அதற்கு இணையான துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை.

லென் வீன் எழுத, பெர்னி ரைட்சன் வரைய, 1971-இல் டிசி நிறுவனத்தின் ‘ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்’ 92-ஆம் இதழில் ஒரே ஒரு சிறுகதையாகத்தான் இந்த ஜந்து பிறந்தது. மறு ஆண்டு தனித்தொடர் கிடைத்தது. லூசியானா சதுப்பு நிலத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி குண்டுவெடிப்பில் தீப்பற்றிச் சேற்றில் விழுகிறான். பாசியும் வேரும் மூடிய உருவம் ஒன்று எழுந்து வருகிறது. 24 இதழ்களோடு அந்தத் தொடர் நின்றது. வெஸ் கிரேவன் எடுத்த திரைப்படத்தின் தயவில் 1982-இல் மறுபடி தொடங்கியது. மூர் வந்ததும் அடிப்படையையே புரட்டினார்: எழுந்தது ஹாலண்ட் அல்ல, தன்னை ஹாலண்ட் என்று நினைத்துக்கொண்ட ஒரு செடி. அந்தச் செடியின் காதலி அபி. அதற்கு மூத்தோர், பிரேசிலில் டெஃபே ஆற்றின் ஊற்றருகே வேரூன்றி நிற்கும் ‘மரங்களின் பாராளுமன்றம்’.

வீட்ச் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். ஜோ க்யூபர்ட் நியூ ஜெர்சியில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் முதல் அணி மாணவர். மூர் காலத்தின் பிற்பகுதியில் தொடருக்குப் படம் வரைந்தவரே அவர்தான். பேனாவை வாங்கிக்கொண்டபோது அவர் கையில் இருந்தது ஒரு சிக்கலான சொத்து. மூர் தன் கடைசி இதழில் நாயகனைக் கிட்டத்தட்டக் கடவுளாக்கிவிட்டுப் போயிருந்தார். உலகத்தின் பசியையே தீர்க்க முடியும், ஆனால் தீர்த்தால் மனிதர்கள் இன்னும் அலட்சியமாகப் பூமியைச் சுரண்டுவார்கள் என்று எண்ணி அவன் ஒதுங்கிக்கொள்கிறான். அபியோடு சதுப்பு நிலத்தில் நிம்மதியாக வாழப் போகிறான். இதற்கு மேல் என்ன எழுதுவது?

அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்க வேண்டும் என்று வீட்ச் யோசித்தார். மூரின் கதையில் நாயகன் விண்வெளியில் அலைந்த காலத்தில் அவன் செத்துவிட்டதாக மரங்களின் பாராளுமன்றம் முடிவுகட்டி, அவன் இடத்துக்கு ஒரு புதிய உயிரை முளைக்க வைத்திருந்தது. இப்போது பழையவனும் திரும்பிவிட்டான், புதிய முளையும் உடல் தேடி அலைகிறது. பூமிக்கு இருவர் ஆகாது. சாகப்போகும் மனிதன் ஒருவனுக்குள் அது குடியேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் கோணலாகிறது. ஒன்று அந்தப் பிஞ்சைக் கொல்ல வேண்டும், இல்லையேல் இவன் மரமாகிப் பாராளுமன்றத்தில் அடங்க வேண்டும். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் வில்லனை அடித்துத் தீர்க்கும் சிக்கல்களே அதிகம். இங்கே எதிரில் நிற்பது பிறக்காத ஒரு குழந்தை.

கிடைத்த வழி 1988-இல் வந்த 76-ஆம் இதழில் இருக்கிறது. முளையின் உயிர் அபியின் வயிற்றில் பிள்ளையாகப் பிறக்கட்டும். ஆனால் தகப்பன் செடி. ஆகவே அவன் ஜான் கான்ஸ்டன்டைனின் உடலுக்குள் புகுந்து அபியோடு கூடுகிறான். மூர் உருவாக்கிய அந்த லண்டன் மாந்திரீகனுக்கு அப்போதுதான் ‘ஹெல்பிளேசர்’ என்ற தனித்தொடர் தொடங்கியிருந்தது. அதில் அவன் உடம்பில் ஒரு பேயின் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அதுவும் குழந்தைக்குப் போகிறது. மலிவான பரபரப்பாக முடிந்திருக்கக்கூடிய கட்டம். மூர் புரட்டிய கதையின்படி பார்த்தால் இந்த ஜீவன் ஒருபோதும் மனிதனாக இருந்ததில்லை. சதையும் ரத்தமுமான உடம்பு அவனுக்கு முதன்முறையாக, அதுவும் இரவலாக, வாய்க்கிறது. மூன்று பேரின் கூச்சமும் மனத்தாங்கலும் ஆசையும் ஒரே அறையில். வீட்சின் பென்சில் மேல் பிலிப்பைன்ஸ் ஓவியர் அல்ஃபிரெடோ அல்காலா மை தீட்டிய காலம் இது. தோல், பட்டை, பாசி எல்லாவற்றையும் ஒரே மாதிரி அடர்ந்த சிறு கோடுகளால் அவர் இழைத்ததால், அந்தப் பக்கங்களில் மனிதர் எங்கே முடிகிறார், காடு எங்கே தொடங்குகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும்.

அபி கருவுற்றிருக்கும்போது வீட்ச் கணவனைப் பிடுங்கிக்கொள்கிறார். டிசி தன் பல தொடர்களிலும் நடத்திய வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதையை, பதிப்பகத்தின் கட்டாயமாகப் பார்க்காமல், தன் வேலைக்குத் திருப்பிக்கொண்டார்: தாக்குதலில் நாயகன் காலத்தில் பின்னோக்கி எறியப்படுகிறான். இரண்டாம் உலகப் போரில் சார்ஜன்ட் ராக், முதல் உலகப் போரில் ‘எனிமி ஏஸ்’ விமானி, மேற்கத்திய மண்ணில் ஜோனா ஹெக்ஸ், அமெரிக்கப் புரட்சியில் டோமஹாக், பிறகு ஆர்தர் மன்னனின் கேம்லட். வழியில் நிற்கும் பெயர்களைக் கவனியுங்கள். ராக், எனிமி ஏஸ் இருவரும் க்யூபர்ட்டின் கையால் புகழ்பெற்றவர்கள். ஒரு மாணவன் தன் ஆசிரியரின் உலகத்துக்குள் தன் நாயகனை நடத்திச் செல்கிறான். 1989-இல் இதைச் செய்தவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

இடையில் 84-ஆம் இதழ் மட்டும் நிகழ்காலத்துக்கு வருகிறது. நெடுநாள் நினைவிழந்து கிடந்த அபியின் முன்னாள் கணவன் மாட் கேபிள் அதில் இறந்துபோகிறான். நீல் கெய்மனின் ‘சாண்ட்மேன்’ படித்தவர்களுக்கு அவனைத் தெரியும்: கனவுலகில் பேசிக்கொண்டு திரியும் மாத்யூ என்ற அண்டங்காக்கை அவன்தான். லட்சக்கணக்கானவர்கள் நேசிக்கும் அந்தக் காக்கையின் மரணப்படுக்கை எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது.

காலப்பயணம் எங்கே போய்ச் சேரும் என்பதை வீட்ச் முன்பே முடிவு செய்திருந்தார். 88-ஆம் இதழ், ‘மார்னிங் ஆஃப் தி மெஜிஷியன்’. நாயகன் இயேசுவின் காலத்துக்குப் போய், அவர் சிலுவையில் அறையப்படும் நாளைச் சந்திக்கிறான். ஆசிரியர் கேரன் பெர்கர் கதைக்கு ஒப்புதல் தந்திருந்தார். மைக்கேல் சுல்லி பென்சில் வேலையைத் தொடங்கிவிட்டார். கடைசி நேரத்தில் டிசியின் தலைவர் ஜெனட் கான் நிறுத்திவிட்டார். முந்தைய ஆண்டுதான் ஸ்கோர்சேசியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ படத்தை எதிர்த்து அமெரிக்காவில் ஊர்வலங்கள் நடந்தன, பாரிஸில் ஒரு திரையரங்குக்கே தீ வைத்தார்கள். பதிப்பகத்தின் பயம் புரிகிறது. ஒப்புக்கொண்ட கதையை வரையும்போது பிடுங்குவது மட்டும் எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

வீட்ச் வெளியேறினார். அடுத்து எழுத வரவிருந்த கெய்மனும் ஜேமி டெலானோவும் அவருக்குத் துணையாக மறுத்துவிட்டார்கள். டக் வீலர் பொறுப்பேற்று, அவசரமாக நாயகனை வீட்டுக்கு அழைத்து வந்தார். 90-ஆம் இதழில் பெண் குழந்தை பிறந்தது. மரங்களின் பாராளுமன்றம் நிற்கும் ஆற்றின் பெயரையே வைத்து டெஃபே என்றார்கள். தடுக்கப்பட்ட இதழ் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சேறவில்லை. சுல்லி பின்னாளில் ‘சாண்ட்மேன்’ தொடரின் முடிவுப் பகுதியை வரைந்து பெயர் பெற்றார். வீட்ச் சொந்தமாக ‘பிராட் பேக்’ வெளியிட்டார், பல ஆண்டுகள் கழித்தே டிசி பக்கம் திரும்பினார்.

இந்தக் காலம் மறக்கப்பட்டதற்கு முடிவு அறுந்துபோனது ஒரு காரணம் என்றால், புத்தகங்கள் இன்னொரு காரணம். 2004 முதல் 2006 வரை டிசி இவற்றை மூன்று தொகுப்புகளாகப் போட்டது. மூன்றாவது 81-ஆம் இதழோடு நின்றுவிட்டது. பயணத்தின் உச்சமான ஆறு இதழ்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மூரின் தொகுப்புகளை முடித்தவர்கள் 65-இல் தொடங்குங்கள், 82 முதல் 87 வரை பழைய இதழ்களாகவாவது தேடி வாங்குங்கள். ஒன்றுவிடாமல் வரிசையாகப் படியுங்கள்; 84-ஐ மட்டும் தனியே எடுத்துப் படித்தால் மாட்டின் சாவுக்குப் பாதி பலம்கூட இருக்காது.