பண்பொழி மாடியில் ஓர் இன்ஜெக்டர்: 24 வோல்ட் மரபு பற்றி

ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் முறைக்கு (பிஓஇ) வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2003 ஜூனில் தொடங்குகிறார்கள். ஐ.இ.இ.இ. அமைப்பு 802.3ஏஎஃப் தரநிலைக்கு ஒப்புதல் தந்தது அப்போதுதான். அந்தக் கணக்கில், கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் இன்ஜெக்டர் பெட்டி என்பது பழைய ஸ்விட்சை மாற்ற வசதியில்லாதவர்கள் வைத்துக்கொண்ட இடைக்கால ஏற்பாடு. தரநிலை 'மிட்ஸ்பான்' என்று பெயரிட்ட பெட்டிக்கு இது பொருந்தும். தென்காசி வட்டாரத்து மாடிகளில் நான் பார்ப்பது வேறு வகை.

பண்பொழியில், திருமலைக்கோவில் மலை தெரியும் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இன்ஜெக்டரே இக்கட்டுரைக்கு ஆதாரம். அதன் ஸ்டிக்கரில் நான்கு செய்திகள் உள்ளன: உள்ளீடு 100–240 வோல்ட், வெளியீடு 24 வோல்ட், 0.5 ஆம்பியர், 4, 5 பிளஸ், 7, 8 மைனஸ். 802.3 என்ற எண் எங்கும் இல்லை. தயாரித்த ஆண்டும் இல்லை. திறந்து பார்த்தேன். 'லேன்' துளையின் எட்டு முனைகளில் 1, 2, 3, 6 மட்டுமே மறுபக்கத்துக்குப் போகின்றன. மற்ற நான்கும் எதனோடும் சேரவில்லை. 'பிஓஇ' துளையில் அந்த நான்கில்தான் மின்சாரம் ஏறுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வகைச் சாதனங்கள் பட்ட பாட்டை விரிவாகப் பதிவு செய்தது, சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா, எரிக் புரூவர் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப்புறக் கண் மையங்களோடு தொலைதூர வைஃபை கொண்டு இணைத்தவர்கள் இவர்கள். கிராமத்து நோயாளி வீடியோவில் மருத்துவரிடம் பேச அது வழிசெய்தது. மின்சாரம் எகிறி அடாப்டர் கருகுவதையும், வோல்டேஜ் தாழ்ந்து ரவுட்டர் பாதி உயிரில் உறைந்து நிற்பதையும் பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள். அவர்களின் முடிவு: கிராமத்தில் பெரிய செலவு மின்கட்டணம் அல்ல, அந்த மின்சாரத்தைச் சீர்செய்யும் செலவுதான். இதை நான் மறுக்கவில்லை. இதன் உட்பொருளைத்தான் வேறாகப் படிக்கிறேன். அவர்கள் பார்வையில் மோசமான மின்சாரம் சாதனத்தைத் தாக்கும் நோய். எந்தச் சாதனம் இங்கே நிலைக்கும் என்பதைத் தீர்மானித்ததும் அதே மின்சாரம்தான் என்பது என் வாதம்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரி. இரண்டைத் தொடராகப் போட்டால் 24. தரநிலை கேட்பதோ 44 முதல் 57 வோல்ட் வரை. அதற்குப் பேட்டரிக்கு மேல் இன்னொரு மாற்றி வேண்டும். அப்படியானால் 12 ஏன் நிலைக்கவில்லை? சாதாரண செம்புக் கேபிளின் ஒரு கம்பிக்கு 100 மீட்டரில் தடை ஏறத்தாழ 9.4 ஓம். இரண்டு கம்பிகள் சேர்ந்து போய், இரண்டு சேர்ந்து திரும்புவதால் மொத்தச் சுற்றின் தடையும் அதே 9.4. அந்த நீளத்தில் 12 வோல்ட் எவ்வளவு முயன்றாலும் 4 வாட்டைக்கூட மறுமுனைக்குத் தர முடியாது. மறுமுனையில் உள்ள 6 வாட் வைஃபை ரேடியோ எழுந்திருக்காது. 24 வோல்ட் தந்தால் வழியில் 2.6 வோல்ட் குறையும், ரேடியோ ஓடும். 48-இல் இழப்பு 1.2 மட்டுமே, ஆனால் அது வீட்டுப் பேட்டரியிலிருந்து நேராகக் கிடைக்காது. 24-ஐத் தேர்ந்தவர்கள் வெளிநாட்டு ரேடியோத் தயாரிப்பாளர்கள்தான். அந்தத் தேர்வு இங்கே பிறந்ததாக நான் சொல்லவில்லை. அது இங்கே தங்கியதற்குப் பேட்டரியே காரணம் என்கிறேன். ஒரு வீட்டுச் சான்றை வைத்து இவ்வளவு அழுத்திச் சொல்வது சரியா என்று கேட்கலாம். கேபிளின் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

தரநிலையா, இந்த வகைப் பெட்டியா, முந்தியது எது என்ற கேள்வியில் தரநிலையின் வாசகமே எனக்குத் துணை. 2003 விதிப்படி மிட்ஸ்பான் மின்சாரம் ஏற்ற வேண்டியது 4, 5, 7, 8-இல். பண்பொழி ஸ்டிக்கரில் உள்ளதும் இதே நான்கு எண்கள். 10, 100 மெகாபிட் வேகங்களில் இவை நான்கும் சும்மா கிடந்த கம்பிகள். தரநிலை வருவதற்கு முன்பே கம்பியில்லா இணைய ஆர்வலர்கள் இவற்றில் அடாப்டரைச் சால்டர் வைத்து இணைத்துவந்தார்கள். தரநிலை அவர்களிடமிருந்து கற்றதா, காலிக் கம்பி இருவரையும் ஒரே இடத்துக்கு இழுத்ததா? இரண்டாவதையே ஏற்கிறேன், உறுதியாக அல்ல. இன்னொரு விதி: தரநிலைப் பெட்டி முதலில் 10 வோல்ட்டுக்கு மேற்படாமல் அனுப்பி, எதிர்முனையில் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். தெரியாவிட்டால் மிட்ஸ்பான் குறைந்தது 2 விநாடி ஒதுங்கி நிற்க வேண்டும், ஸ்விட்ச் முந்திக்கொள்வதற்காக. பண்பொழிப் பெட்டிக்குக் கேட்கவும் தெரியாது, ஒதுங்கவும் தெரியாது. செருகிய கணமே 24 வோல்ட் போய்விடும். அந்த வீட்டில் 'பிஓஇ' துளையைச் சுற்றி யாரோ சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருக்கிறார்கள். எதிர்முனையில் தடை இருக்கிறதா என்று பெட்டி பார்க்காத குறையை அந்தச் சிவப்பு ஈடுசெய்கிறது. தரநிலையின் மலிவுப் பிரதியாக இருந்தால் கேட்கும் வழக்கத்தின் ஒரு சிறு தடமாவது உள்ளே மிஞ்சியிருக்கும். மிஞ்சவில்லை. ஆகவே இது தனிக் கிளை.

காலத்தைப் பொறுத்தவரை ஒன்றே சொல்லலாம். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நான்கை மட்டும் கடத்தும் இந்தப் பெட்டி அதற்கு முந்தைய பழக்கத்தைச் சேர்ந்தது. பழக்கம் பழையதென்பதால் பெட்டியும் பழையதாகிவிடாது. 100 மெகாபிட் இன்ஜெக்டர்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன. இதன் வயதை இதற்கு மேல் நெருக்கிச் சொல்ல ஸ்டிக்கர் இடம் தரவில்லை.