தன்னைத் தானே எடை போட்டுப் பார்த்த சபை

விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தால் கோவில் எழுந்த வரலாறு இருக்கும். மணிக்கூண்டு கட்டிய கதை இருக்கும். பணியாற்றிய பங்குத் தந்தையரின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். ஆனால் பங்கில் இதுவரை தோன்றிய சங்கங்கள் எத்தனை, அவற்றுள் இன்றும் உயிரோடு இருப்பவை எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் இராது. சங்கங்களை யாரும் தீர்மானம் போட்டுக் கலைப்பதில்லை. ஆரம்ப சூரத்தனம் அடங்கியதும் கூட்டத்துக்கு வருவோர் குறைகின்றனர். செயலர் குறிப்பெழுத மறக்கிறார். நோட்டுப் புத்தகம் சங்கீர்த்தி அலமாரிக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான், சங்கம் முடிந்தது.

இதற்கு மாறாக, ஏழே பேரோடு தொடங்கி, 190 ஆண்டுகளைக் கடந்தும் உயிர்த் துடிப்போடு நடமாடும் ஒரு சங்கம் உண்டு. நம் பங்குகளில் எல்லோரும் அறிந்த புனித வின்சென்ட் தே பவுல் சபையே அது. இன்று சுமார் 150 நாடுகளில், ஏறத்தாழ 8 இலட்சம் உறுப்பினர்கள் அதில் உழைக்கின்றனர். அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்ன? பணபலமா, அரசின் ஆதரவா? இரண்டும் இல்லை என்பதை அதன் வரலாறே காட்டுகிறது. அடிக்கடி தன்னைத் தானே சோதித்துப் பார்த்தது ஒன்று. மூத்தவர்கள் இளையவர்களைக் கைப்பிடித்து நடத்தியது மற்றொன்று. இந்த இரண்டு பழக்கங்களுமே அதைக் காத்தன.

பாரிஸ் நகரில் ஒரு சவால்

1831-ம் ஆண்டில் லியோன் நகரத்து இளைஞர் ஒருவர் சட்டம் படிக்கப் பாரிசுக்கு வந்தார். அவர் பெயர் பிரடெரிக் ஓசானாம். மறு ஆண்டு அந்நகரைக் காலரா எனும் வாந்திபேதி தாக்கியது. 18,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். ஏழைகள் நெருக்கமாய் வாழ்ந்த சந்துகளில்தான் சாவு மிகுதி. ஓசானாமும் நண்பர்களும் அப்போது ஒரு வாதாட்ட மன்றத்தில் கூடி, திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை எடுத்துரைத்து வந்தனர். எதிரணியினர் சும்மா இருக்கவில்லை. பழம்பெருமை இருக்கட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வது என்ன என்று மடக்கினர்.

அக்கேள்வியை நண்பர்கள் பகையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தங்கள் மனத்துக்குள் போட்டுப் பார்த்தனர். அதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டனர். 1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள், ஓசானாமுக்கு 20 வயது நிறைந்த அன்றே, ஆறு மாணவர்களும் எம்மானுவேல் பாய்யி என்ற பத்திரிகையாளரும் ஒன்றுகூடினர். லெ தையாந்தியே, லமாஷ், லாலியே, தெவோ, கிளாவே ஆகியோர் மற்ற ஐந்து மாணவர்கள். இவ்வாறு ஒரு தற்சோதனையில்தான் இச்சபை பிறந்தது. 1834 பிப்ரவரியில் அது புனித வின்சென்ட் தே பவுலின் பாதுகாவலில் வைக்கப்பட்டது.

வழிகாட்டிய இருவர்

மாணவர்களிடம் ஆர்வம் இருந்தது, அனுபவம் இல்லை. ஏழையின் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குறையை இருவர் நீக்கினர்.

ஒருவர் பாய்யி. மாணவர்களுக்கு இருபது வயது என்றால் அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. தலைமை ஏற்ற அவர் இளைஞர்களின் உற்சாகத்துக்கு அணை போடவில்லை, கரை கட்டினார். பெரிய திட்டங்களில் இறங்காமல், சில குடும்பங்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் எளிய பணியில் அவர்களை நிறுத்தினார்.

மற்றவர் அருட்சகோதரி ரோசலி ரந்து. புனித வின்சென்ட்டின் பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அவர், பாரிசின் மிக வறிய பகுதியான மூப்தார் வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர். சபையின் முதல் பொருளாளர் தெவோ அவரிடம்தான் அனுப்பப்பட்டார். எந்தக் குடும்பத்தைச் சந்திக்கலாம் என்று சொல்லி, கையில் கொடுத்துவரச் சீட்டுகளையும் தந்து உதவினார் சகோதரி. பொறுமையாய்க் கேளுங்கள், அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள், ஏழையை மரியாதையோடு நடத்துங்கள் என்பதே அவர் புகட்டிய பாடம். ஓசானாம் 1997-லும், சகோதரி ரோசலி 2003-லும் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். சீடரையும் வழிகாட்டியையும் திருச்சபை அடுத்தடுத்துப் பீடமேற்றியது பொருத்தமே.

அவர்களிடம் கற்ற பாடம் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. இன்றும் உறுப்பினர்கள் இருவர் இருவராய்த்தான் வீடு சந்திப்புக்குச் செல்கின்றனர். பழகியவரோடு புதியவர் போகும்போது, பத்து சொற்பொழிவுகளில் கற்க முடியாததை ஒரே மாலையில் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

கூட்டந்தோறும் ஒரு கணக்கு

1835-ம் ஆண்டு இறுதியில் சபைக்கு எழுதப்பட்ட ஒழுங்குமுறை தயாரானது. அதைப் புதிதாய்ப் புனையவில்லை. இரண்டாண்டுகளாய் நடைமுறையில் பயன் கண்ட வழக்கங்களையே ஏட்டில் ஏற்றினர். கூட்டத்தில் செபத்துக்குப்பின் முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும். பொருளாளர் கையிருப்பைச் சொல்வார். சந்திப்புக்குச் சென்றவர்கள் தாங்கள் பார்த்த குடும்பத்தின் நிலையை எடுத்துரைப்பார்கள். முடிவில், யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாதபடி இரகசியக் காணிக்கை எடுக்கப்படும்.

இது வெறும் சடங்கன்று. ஒருவர் எழுந்து, நான் போகவில்லை என்று சொல்ல நேரும்போது அவருடைய மனச்சாட்சி விழித்துக்கொள்கிறது. அந்தக் குடும்பத்துக்கு ரொட்டி கொடுத்தோம், ஆனால் பையனுக்கு வேலையில்லை என்று வேறொருவர் சொல்லும்போது, கொடுத்த உதவி போதுமா என்ற ஆராய்ச்சி தானே பிறக்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அதே விவேகம்தான். இது தவிர ஆண்டுக்கு நான்கு பொதுக் கூட்டங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, புனிதரின் திருநாளாய் அக்காலத்தில் கொண்டாடப்பட்ட ஜூலை 19. முதல் பொதுச் செயலரான லாலியே கிளைகளுக்குச் சுற்றறிக்கைகள் எழுதி, அவற்றின் நிலையை விசாரித்து வந்தார்.

நூறு பேர் சேர்ந்தபோது

பெரிய சோதனை தோல்வியால் வரவில்லை; வெற்றியால் வந்தது. 1834 இறுதிக்குள் உறுப்பினர்கள் நூறைத் தாண்டிவிட்டனர். நூறு பேர் நிறைந்த மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் பேச நேரம் ஏது? புதிதாய் வந்தவரின் பெயரையாவது யார் கேட்பார்கள்?

சபையைப் பல பிரிவுகளாகப் பிரிக்கவேண்டும் என்றார் ஓசானாம். பலர் கலங்கினர். நட்பு முறிந்துவிடும், சபையே சிதறிவிடும் என்று வாதாடினர். அந்த டிசம்பரில் விவாதம் மிகவும் சூடேறியது. இறுதியில், 1835-ம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிவது என்றே முடிவாயிற்று. அம்முடிவு மனத்துக்குக் கசந்தது. ஆனால் அதுவே சபையைப் பரப்பியது. சிறு சிறு கிளைகளாய் அது பிரான்சு முழுவதும் வேரூன்றி, 1844-ல் லண்டனையும் டப்ளினையும், 1845-ல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரையும் எட்டியது. அந்த நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

அதன் பயன் 1861-ல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பிரெஞ்சு அரசு, தனக்கு இணங்கும் தலைமையையே ஏற்கவேண்டும் என்று சபையை நெருக்கியது. சபை இணங்காததால் பாரிசின் பொதுச் சங்கம் செயல்பட முடியாமல் போயிற்று. பல கிளைகள் மறைந்தன. ஆயினும் எஞ்சிய கிளைகள் வீடு சந்திப்பை விடவில்லை. தலைமையகம் பூட்டப்பட்டாலும் பணி நிற்காதபடி, பழக்கம் அடித்தளத்திலேயே ஊறிப்போயிருந்தது.

பதவியும் மாற்றமும்

சபையின் பெயரோடு பிரியாமல் ஒட்டியிருக்கும் ஓசானாம், அதன் பொதுத் தலைவராய் ஒருநாளும் இருந்ததில்லை. பாய்யி 1844-ல் பொறுப்பிலிருந்து விலகியபோது கோசேன் வந்தார், அவருக்குப்பின் போதோன். ஓசானாம் 1853-ல் தம் 40-ம் வயதில் மறைந்தபோது சபை அநாதையாகவில்லை. அடுத்த வரிசை தயாராயிருந்தது.

பிற்காலத்திலும் தற்சோதனை நிற்கவில்லை. 1856-ல் இத்தாலியின் பொலோஞா நகரில் பெண்களுக்கெனத் தனிச்சபை தோன்றியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த ஒளியில் தன்னை மறு ஆய்வு செய்த சபை, 1967-ல் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2003-ல் ஒழுங்குமுறையும் புதுப்பிக்கப்பட்டது.

நம் கையில் உள்ள பணி

பங்கு மக்களே, இவ்வரலாறு வின்சென்ட் சபையாருக்கு மட்டும் உரியதன்று. மரியாயின் சேனை, இளைஞர் இயக்கம், மாதர் சங்கம், பாடகர் குழு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்த விழா ஆண்டில் ஒவ்வொரு சங்கமும் ஒருநாள் மாலை கூடி, வெளியார் யாருமின்றி, சில கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுப் பார்க்கட்டும்:

எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினோமோ, அந்தப் பணியைச் சென்ற மாதம் செய்தோமா? கூட்டத்தில் பெரும்பகுதி நேரம் மக்களைப் பற்றிப் பேசினோமா, அன்றி விழாச் செலவைப் பற்றியா? வரவு செலவை எல்லோரும் புரிந்துகொள்கிறார்களா? சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? வராதவர் வீட்டுக்கு யாராவது போய், ஏன் வரவில்லை என்று அன்போடு விசாரித்தோமா? இன்றைய தலைவர் நாளை ஊர் மாறினால் பொறுப்பை ஏற்க யார் தயார்?

விடை கசப்பாயிருந்தால் மனம் தளர வேண்டாம். ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டவும் வேண்டாம். குறிப்பேட்டில் அதை உள்ளபடி எழுதி, ஆறு மாதம் கழித்து மீண்டும் படித்துப் பார்த்தால் போதும்.

அடுத்து, புதிதாய்ச் சேரும் ஒவ்வொருவரையும் மூத்த உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். பெயரைப் பதிவு செய்து, சந்தா வாங்கி, பின்வரிசையில் உட்காரச் சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. முதல் சில மாதங்கள் அவரைக் கூடவே அழைத்துச் சென்று, பணியைக் காட்டி, சிறு பொறுப்பொன்றைக் கொடுத்து, தவறினால் தனியே திருத்தி, நன்றாய்ச் செய்தால் பலரறியப் பாராட்டவேண்டும். பெரியவர்களுக்கும் ஒரு சொல்: இளையவர் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பதும் ஒரு சேவைதான். பாய்யி அதைத்தான் செய்தார். சகோதரி ரோசலியும் அதைத்தான் செய்தார்.

கோவிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் நோயாளியின் படுக்கையருகே அமரவும், பள்ளிக் கட்டணம் கட்ட வழியற்ற வீட்டின் கதவைத் தட்டவும் நம் சங்கங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அவற்றை நலமுடன் காத்து, நம் பிள்ளைகளின் கையில் ஒப்படைப்போமாக. அடுத்த விழா மலரில் அவற்றின் பெயர்கள் பழைய நினைவுகளாக அல்ல, நடமாடும் சங்கங்களாக இடம்பெற இறைவன் அருள்வாராக.