சுவரோவியமும் திரையோவியமும்: மீள வரைதலின் வரலாறு

கண்டி நகருக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ குகை விகாரையின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியவை. நாயக்கர் மரபினனான கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) ஆதரித்த கலை மறுமலர்ச்சியின் பேறாகவே அவை எழுந்தன. அம்மன்னன் காலத்தில் தம்புள்ளைக் குகைகளும் புதுப்பிக்கப்பட்டன. ஆங்கு இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பாலானவை கண்டியர் காலத்தில் மீளத் தீட்டப்பெற்றனவே. எதனை, எங்கு, எவ்வாறு வரைதல் வேண்டும் என்னும் அறிவு ஓவியர் பரம்பரையிடம் இருந்தமையாலேயே அப்பணி கைகூடிற்று. படத்தைப் பேணுவதா, படத்தை வரையும் அறிவைப் பேணுவதா என்னும் வினா கணனித் திரையின் வரலாற்றிலும் எழுந்தது.

1963ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் ‘ஸ்கெச்பாட்’ என்னும் வரைதற் செயனிரலை உருவாக்கினார். கோடுகளின் முனைகளையும் அவற்றிடையேயுள்ள தொடர்புகளையுமே அது நினைவகத்திற் பேணிற்று. திரையிற் தோன்றிய உருவம் அவற்றிலிருந்து இடையறாது வரையப்பட்டது. 1973இல் செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் உருவான ‘அல்ரோ’ வேறு வழியை மேற்கொண்டது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. ஒருமுறை வரைந்தது அங்கேயே நிலைக்கும். ஆயின் ஒரு சாளரம் மற்றொன்றை மூடுமிடத்து, மூடப்பட்ட பகுதி அழிந்துபோகும்.

மூடப்படும் பகுதிகளைப் பிரதிசெய்து வைத்தலாகாதோ எனின், நினைவகத்தின் அருமையே அதற்குத் தடையாயிற்று. 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணனியின் திரை 512க்கு 342 புள்ளிகள் கொண்டது. கறுப்பு வெள்ளையாயினும் அதன் ஒரு முழுப்படத்துக்கு 21,888 பைற்றுகள் வேண்டும். மொத்த நினைவகமோ 128 கிலோபைற்று. ஆறு முழுத்திரைப் படங்களைப் பேணுவதற்கே அது போதாது. எனவே அப்பிள் நிறுவனத்தின் பில் அற்கின்சன், எவ்வடிவிலமைந்த பரப்பையும் சுருக்கமாகக் குறித்துவைக்கும் முறையொன்றைக் கண்டார். மறைவு நீங்கி வெளிப்பட்ட பகுதி எதுவெனக் கணித்து, அதனை மட்டும் மீள வரையுமாறு உரிய செயனிரலை ஏவுதற்கு அம்முறை வழிவகுத்தது.

1985இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் வின்டோஸும் இக்கொள்கையையே தழுவிற்று. திரையிற் பழுதுற்ற பரப்பை அது குறித்துக்கொள்ளும். அவசரப் பணிகள் முடிந்தபின் ‘வரைக’ என்னும் செய்தியை அனுப்பும். பொத்தானை அழுத்தும் கணத்தில் மட்டும் வட்டமொன்றை வரையும் செயனிரல், வேறொரு சாளரம் மேலே கடந்து சென்றதும் அதனை இழந்துவிடும். வட்டத்தின் மையத்தையும் ஆரையையும் நினைவிற்கொண்டு, கேட்கும்போதெல்லாம் வரையும் செயனிரலே நிலைபெறும். தாமே வடிவமைத்த உறுப்புகளைத் திரையில் வரைவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே.

நினைவகம் மலிந்தபின் நிலைமை மாறிற்று. 2001இல் மாக் ஓஎஸ் எக்ஸும், 2007இல் வின்டோஸ் விஸ்ராவும் ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் தனித்தனியே பேணி, பின்னர் ஒன்றிணைத்துக் காட்டும் முறையைப் பொதுமக்களிடம் கொணர்ந்தன. எனினும் மீள வரைதல் ஒழிந்திலது. சாளரத்தின் அளவு மாறினும் அதன் உள்ளடக்கம் மாறினும் பேணிய படம் பயன்படாது, பெருப்பித்தால் மங்கும்.

தமிழெழுத்தும் இதற்குச் சான்றாகும். 1991இல் தமிழை உள்ளடக்கி வெளிவந்த யுனிகோட் முறையில் ‘கெ’ என்பது ககரமும் அதன்பின் எகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னே வரையப்படுகிறது. சேமிக்கப்படுவது எழுத்தின் பொருள்; அதன் வடிவம் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படுகிறது.

ஆயினும் வேறுபாடொன்று மனங்கொள்ளத்தக்கது. கணனி, தரவு மாறாதவரை முன்னைய உருவையே மீளத் தரும். சுவரோவியனின் கையோ காலத்தோடு மாறும். தம்புள்ளையிற் கண்டியர் காலத் தூரிகை, மரபைக் காத்தது; தனக்கு முன்னிருந்த வண்ணத்தை மறைத்தது. திரையை மீள வரைதல் இழந்ததை மீட்பதாகும். சுவரை மீள வரைதலோ ஒன்றைக் காத்து ஒன்றை இழப்பதாகும். பழஞ்சுவர்களைப் புதுப்பிக்க முனைவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.