குழாயில் வராத டி.என்.ஏ.: நுரையீரல் புற்றுநோயின் தொடக்கநிலை இரத்தப் பரிசோதனையில் நானோதுகளின் இடம்

நுரையீரல் புற்றுநோயை இரத்தத்தில் முன்கூட்டியே கண்டறிய முயலும் நானோ ஆய்வுகளில் பெரும்பகுதி, உணர்கருவியின் நுண்மையைக் கூட்டுவதிலேயே முனைந்திருக்கிறது. தங்கத் துகள், காந்தத் துகள், கிராஃபீன் என உணர்பரப்புகள் மேம்பட்டுக்கொண்டே வருகின்றன. ஆனால் முதல் நிலைக் கட்டியைப் பொறுத்தவரை முட்டுக்கட்டை கருவியைவிட மாதிரியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். 10 மி.லி. இரத்தத்திலிருந்து ஏறத்தாழ 4 மி.லி. பிளாஸ்மா தேறும். அதில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டி.என்.ஏ. மிதப்பதாகக் கொண்டால், குழாய் முழுவதிலும் 20 நானோகிராம். மனித மரபுத்தொகுதியின் ஒரு படி 3.3 பிகோகிராம், ஆக நம் கையில் உள்ளவை சுமார் 6,000 படிகள். சிறு கட்டியின் பங்கு லட்சத்தில் ஒன்று என்றால், நாம் தேடும் மரபுத் திரிபு பதினாறு, பதினேழு குழாய்களுக்கு ஒன்றில்தான் தென்படும். மற்றக் குழாய்களில் அது இல்லவே இல்லை. எத்தனை நுட்பமான உணரியும் அங்கே உதவாது. பல திரிபுகளை ஒருசேரத் தேடினால் வாய்ப்பு கூடும். ஆனால் நோய் இன்னும் தெரியவராத ஒருவரிடம் எவற்றைத் தேடுவது?

நுரையீரல் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் பிரிட்டனின் டிரேசரெக்ஸ் ஆய்வு 2017இல் மாதிரியின் இந்த வரம்பைத் தெளிவாகக் காட்டியது. அறுவைக்கு முன் எடுத்த இரத்தத்தில், செதிள் செல் வகைப் புற்றுள்ள 31 பேரில் 30 பேரிடம் கட்டியின் டி.என்.ஏ. கிடைத்தது, அடினோகார்சினோமா என்ற மற்றொரு வகை உள்ள 58 பேரில் 11 பேரிடம் மட்டுமே. சோதனை ஒன்றேதான். கட்டி இரத்தத்தில் விடும் அளவுதான் வேறு.

கட்டி விடும் டி.என்.ஏ.வும் நிலைப்பதில்லை. கல்லீரலில் கழிவுகளை விழுங்கும் குப்ஃபர் செல்களும் இரத்தத்திலுள்ள நொதிகளும் அதை விரைவில் அகற்றிவிடுகின்றன. இங்கேதான் நானோதுகளுக்கு உண்மையான வேலை இருப்பதாக நான் கருதுகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சங்கீதா பாட்டியா உள்ளிட்ட குழுவினர் 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், இரத்தம் எடுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னதாக எலிகளுக்கு லிப்போசோம் எனும் கொழுப்பு நானோதுகள்களைச் செலுத்தினர். குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்குவதில் ஈடுபட்டிருக்க, டி.என்.ஏ. இரத்தத்தில் தங்கியது. சிறு கட்டிகளைக் கண்டறியும் விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழிருந்து 75 சதவீதத்துக்கும் மேலே சென்றது. அந்த எலிகளின் நுரையீரலில் இருந்தவை குடல் புற்றுச் செல்கள் என்பதை மறக்கக் கூடாது. நுரையீரலிலேயே தோன்றும் புற்றில் இது இனிதான் நிறுவப்பட வேண்டும்.

நலமாக உள்ளவருக்குப் பரிசோதனைக்காகவே ஊசி போடுவது தகுமா என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் இதை எல்லோருக்குமான முதற்கட்டச் சோதனையாக நான் பரிந்துரைக்கவில்லை. சி.டி. ஸ்கேனில் ஐயத்துக்குரிய புள்ளி தென்பட்டவர்களுக்கே இது பொருந்தும். 53,454 பேர் பங்கேற்ற அமெரிக்கத் தேசிய ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. நுரையீரல் புற்று மரணங்களை 20 சதவீதம் குறைத்தது. ஆனால் ஐயத்துக்குரியவை என்று வந்த முடிவுகளில் 96.4 சதவீதம் புற்றே அல்ல. அத்தகைய முடிவு வந்தவர்களில் பலர் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. சிலருக்கு நெஞ்சில் ஊசி செலுத்தித் திசு எடுக்க நேர்ந்தது. அந்த ஊசியால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியவும் கூடும். அதோடு ஒப்பிட்டால், கையில் போடும் நானோ ஊசியின் பாதுகாப்பு மெய்ப்பிக்கப்பட்டால் அது சிறிய விலையே. ஸ்கேனில் புற்றுப் போலத் தென்படக்கூடிய காசநோய்த் தழும்புகள் மலிந்த இந்தியாவில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. இங்கே புற்றைக் காசநோய் என்று எண்ணிச் சிகிச்சை அளித்து மாதங்களை இழக்கும் துயரம் மருத்துவர்கள் நன்கறிந்தது.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. லிப்போசோம் கட்டியின் டி.என்.ஏ.வை மட்டும் தேர்ந்து காப்பதில்லை. அழற்சியில் மடியும் செல்களின் டி.என்.ஏ.வும் சேர்ந்தே தங்கும். முதுமையில் வெள்ளணுக்களில் இயல்பாகத் தோன்றும் திரிபுகளும் அதில் கலக்கும். எனவே அதே குழாயிலுள்ள வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தி, பொதுவான திரிபுகளைக் கழித்தாக வேண்டும். நலமான இளைஞர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்த இடத்தில் இருக்க வேண்டியவர்கள் ஆறிய காசநோயாளிகளும் நெடுநாள் புகைத்து மூச்சிரைப்பவர்களும்தான். ஸ்கேன் அறைக்கு வெளியே ஐயத்தோடு காத்திருப்பவர்களில் பலர் அவர்களே.