தொழிலுக்கு அரசு கை கொடுக்கலாமா? குரோம்பேட்டை முதல் கிண்டி வரை ஒரு வரலாற்று ஆய்வு

தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டியுள்ள தொழிற்கூடங்கள், நகரம் பெருகப் பெருகத் தாமாக முளைத்தவை என்றே பலரும் எண்ணுகின்றனர். தொழில் வளர்ச்சியில் அரசுக்குப் பங்கு உண்டா என்ற நெடிய அரசியல் போராட்டம் இப்பகுதியை வடிவமைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அக்கேள்வியை முதலில் கூர்மையாக எழுப்பிய நாடுகளுள் புதிதாய்ப் பிறந்த அமெரிக்கக் குடியரசும் ஒன்று. உள்நாட்டு ஆலைகளை அரசு பேணி வளர்க்க வேண்டும் என்று நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் 1791இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். உழவர்களே குடியரசின் அடித்தளம் என்று கருதிய ஜெபர்சன் அவரோடு முரண்பட்டார். பின்னாளில் அமெரிக்காவில் தங்கியிருந்த ஜெர்மானியர் பிரெட்ரிக் லிஸ்ட் ஹாமில்டனின் சிந்தனையை விரித்தெழுதினார். 1892இல் புனே டெக்கான் கல்லூரியில் இந்தியப் பொருளாதாரம் பற்றி உரையாற்றிய ரானடே, லிஸ்டின் கருத்துகளை இந்திய நிலைமையோடு பொருத்திக் காட்டினார்.

சென்னையில் இதைச் செயலில் காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அவர், அரசுப் பணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி, அது வேரூன்றியதும் தனியாரிடம் ஒப்படைத்தார். அடுத்து 1903 வாக்கில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையில் இறங்கினார். ஆவாரம் பட்டையில் ஊறப்போட்டுப் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பில் அவ்வேலை விரைவில் முடியும். கவலை இறைப்பில் மாடுகள் சரிவில் இறங்கும்போது கிணற்றிலிருந்து மேலேறும் சாலோடு இணைந்த தோல், நாள் முழுக்க நனைந்து சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோல் நீரைத் தாங்கியதால் உழவரிடையே அதற்கு வரவேற்பு இருந்தது.

எதிர்ப்பும் அதே வேகத்தில் எழுந்தது. அரசு தங்களோடு போட்டிக்கு வருவதாக ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். 1910இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு, அரசு தொழில் நடத்துவதற்குத் தடை விதித்தார். அரசுத் தோல் ஆலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் மைசூர் அரசுப் பணிக்குப் போனார். ஆயினும் அவர் கொணர்ந்த தொழில்நுட்பம் இங்கேயே தங்கிவிட்டது. பல்லாவரத்துக்கு அருகே சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி வளர்ந்த ஊரே குரோம்பேட்டை.

முதல் உலகப் போர் அரசின் மனத்தை மாற்றியது. தளவாடங்களுக்குக் கடல் கடந்து காத்திருக்க முடியாத நிலையில், 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் சாட்டர்டனும் இடம்பெற்றார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி தொழில் துறை மாகாண அமைச்சர்களின் கைக்கு வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், தொழில்களுக்கு அரசு கடனுதவி வழங்க வழி செய்யும் சட்டம் 1922இல் நிறைவேறியது. ஒரு தலைமுறைக்கு முன் தகராறுக்குரியதாய் இருந்த கொள்கை இப்படிச் சட்டமாயிற்று.

தாம்பரம்–கிண்டி ரயில் பாதையில் 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் காமராசர் ஆட்சியில், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது, 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. இடம், மின்சாரம், கொட்டகை ஆகியவற்றை அரசே ஏற்படுத்தித் தந்ததால், கைமுதல் குறைந்த சிறுதொழில் முனைவோரும் கால்பதிக்க முடிந்தது. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலமும் இவ்வழியின் நீட்சியே.

இதற்கு மண்ணும் நீரும் விலை கொடுத்தன. தோல் ஆலைக் கழிவு பற்றி 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் நிலைநாட்டியது. தொழிலைத் தூக்கிவிடும் உரிமையை அரசு பெற நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அத்தொழிலால் கெடும் நிலத்தடி நீரைக் காக்கும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்தே வருவது. உதவி வழங்கும் நாளிலேயே அதை நிபந்தனையாக்குவதுதான் இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.