அடிபட்ட குழந்தையும் கை வைத்தியமும் (திருவனந்தபுரம் வட்டாரம்)

திருவனந்தபுரத்திலும் அதை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்திலும், விழுந்த குழந்தைக்குக் கை வீங்கினால் முறிவெண்ணெய் தடவுவதும், வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் கொண்டுபோய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் பழைய வழக்கம். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழகத்தோடு சேரும்வரை இரண்டும் ஒரே ஆட்சியில் இருந்தவை. களரிப் போர்க்கலையோடு வளர்ந்த இந்த வைத்தியமும் இருபுறத்துக்கும் பொது. வளர்ந்தவரின் சுளுக்குக்குக் கைகொடுத்த முறையைக் குழந்தையின் முறிவுக்கும் அப்படியே செய்வதில்தான் ஆபத்து.

கையை ஊன்றி விழும் ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நடப்பது. முன்கைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் அந்த இடத்தை ஒட்டியே ஓடுகிறது. முறிவு வீங்கிக்கொண்டே போகும். பத்தைக் கட்டு நெகிழாது. உள்ளே அழுத்தம் ஏறி இரத்தம் நின்றால், ஆறு மணி நேர அளவில் தசை சாகத் தொடங்கும். பிறகு அது நாராகச் சுருங்கி, விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். இறுகிய கட்டால் வரும் இந்த ஊனத்தை 1881-இல் விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மானின் பெயரே அதற்கு நிலைத்தது. அவர் கண்டவை நாட்டுக் கட்டுகள் அல்ல. இறுக்கிப் போட்ட மாவுக்கட்டும் இதையே செய்யும். ஆனால் மருத்துவமனையில் அதைப் பிளந்துவிட ஆள் உண்டு. வீட்டிலோ, “கட்டு பிடிக்குது, அதான் வலிக்குது” என்று அழும் பிள்ளையைத் தேற்றிவிடுவார்கள். விரலை நிமிர்த்தினால் குழந்தை அலறுவதும், விரல் வெளுப்பதும் மரத்துப்போவதும் கட்டை உடனே அவிழ்க்க வேண்டிய அறிகுறிகள். நாடி துடிக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது.

முறிந்த முழங்கையை எண்ணெய் விட்டு நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மூட்டு மடங்காமல் போவதுண்டு.

மற்றக் காயங்களிலும் கை வைத்தியம் கெடுதல் செய்யும். தீக்காயத்தில் பற்பசை, நெய், பேனா மை பூசினால் காயத்தின் ஆழம் மறைந்துவிடும். முதலுதவிக்கு இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரே போதும். வெட்டுக்காயத்தில் வைக்கும் சாணத்தில் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். அடிபட்ட கண்ணில் விடும் இலைச்சாறும் தாய்ப்பாலும் கருவிழியில் புண்ணை வளர்க்கக்கூடும்.

திருவனந்தபுரம் எக்ஸ்ரேக்கு எட்டாத ஊர் அல்ல. 1951-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலேயே ஸ்ரீ அவிட்டம் திருநாள் தாய்சேய் மருத்துவமனையும் இருக்கிறது. குழந்தையின் எலும்பு வேகமாகக் கூடும். கோணலாக வைத்தாலும் கூடிவிடும். அதனால் முதல் நாளில் கையால் இழுத்து நேராக்கியிருக்கக்கூடிய முறிவு, மூன்று வாரம் கழித்து வந்தால் அறுவை மேசைக்குப் போக நேரிடுகிறது.