தமிழில் வந்த வைத்தியம்

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வைத்தியசாலைக்குச் சென்று வீடு திரும்பும் தமிழ் நோயாளர் ஒருவர் இரண்டினைக் கொண்டு வருகின்றார். ஒன்று மருந்து, மற்றொன்று வைத்தியர் கூறிய ஆலோசனை. மருந்தை விளங்காமலும் விழுங்கிவிடலாம். ஆலோசனையோ விளங்கினாலன்றிப் பயன் தராது. எந்த உணவை விலக்குவது, எத்தனை நாள் மருந்துண்பது, சத்திர சிகிச்சைக்கு உடன்படுவதா, வேறு வழி உண்டா என்பனவெல்லாம் சொல்லால் உணர்த்த வேண்டியவை. இவ்வுண்மையை நன்குணர்ந்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த பெரியார் ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். அவரது வரலாற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றவர். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்னரே அந்த மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர், நேதன் வார்ட் ஆகியோர் அங்கு வைத்தியத் தொண்டு செய்திருந்தனர். முதலில் வட்டுக்கோட்டையில் பணியாற்றிய கிறீன், 1848-இல் மானிப்பாயில் நிலைகொண்டார். அங்கே நோயாளருக்குச் சிகிச்சை அளித்ததோடு, நம் நாட்டு இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியமும் கற்பிக்கலானார்.

முதலில் அக்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலத்திற் பயின்ற இளைஞர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். நோய் வாடிய கிராமத்துக்கோ வைத்தியர் கிடைத்திலர். இதனைக் கண்ட கிறீன், தமிழிற் பயின்றவரே தமிழ்க் கிராமத்தில் தங்கி மக்களுக்கு உதவுவர் எனத் துணிந்தார். இடையில் தாயகம் சென்றிருந்த அவர் 1862-இல் மீண்டு வந்து, 1864-இல் தமிழ் மொழியிலேயே வைத்திய வகுப்பைத் தொடங்கினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் இருமொழியிலுமாக அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமன்றோ? கட்டர் என்பாரின் நூலைத் தழுவிய ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ 1857-இல் அச்சேறியது. அங்காதிபாதம் உடலின் அமைப்பையும், சுகரணவாதம் உறுப்புகளின் தொழிலையும், உற்பாலனம் உடல்நலம் பேணும் முறையையும் கூறும். பின்னர் ‘இரண வைத்தியம்’ 1867-இலும், கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் ஆக்கமான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், இரசாயன நூலான ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கைக்கொண்ட நெறி எளியது. தமிழில் வழங்கும் சொல் இருப்பின் அதனைக் கொள்க. வடமொழிவழிப் பொருந்துவது இருப்பின் அதனையும் கொள்க. இரண்டும் இன்றேல், கெமிஸ்தம் என்றாற்போல அயற்சொல்லைத் தமிழ் ஓசைக்கிசைய அமைத்துக்கொள்க. மாணாக்கருடைய துணையின்றி இப்பணி நிறைவேறியிராது என்பதையும் மறத்தலாகாது.

இனிக் கொழும்பை நோக்குவோம். மானிப்பாயில் தமிழ் வகுப்புத் தொடங்கிய அதே 1864-இலேதான் கொழும்புப் பொது வைத்தியசாலை தோன்றிற்று. இன்று தேசிய வைத்தியசாலை எனப்படுவது அதுவே. 1870-இல் கொழும்பு வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். அதனைக் குறைகூறுவதற்கில்லை. பல இனத்தவர் ஒருங்கு பயிலவும், உலகெங்கும் தோன்றும் புதிய ஆராய்ச்சிகளை உடனுக்குடன் அறியவும் ஆங்கிலம் வழி செய்தது. வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை ஜெர்மன் அறிஞர் கொக் 1883, 1884-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து நிறுவினார். கிறீனின் நூல்கள் பெரும்பாலும் அதற்கு முன்னரே அச்சாகிவிட்டன. வைத்திய நூலைக் காலந்தோறும் புதுக்குதல் வேண்டும். புதுக்குவார் இன்மையால் அந்நூல்கள் பழமையடைந்தன. தமிழ் வைத்தியத்துக்கு உதவாத மொழி என்பதனாலன்று, தொடர்ந்து செய்வார் இல்லாமையாலேயே அம்முயற்சி தளர்ந்தது.

இன்றும் இலங்கையில் வைத்தியக் கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. எனவே வைத்தியர் மனத்திலுள்ள ஆங்கில அறிவுக்கும் நோயாளர் மனத்திலுள்ள தமிழுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டியிருக்கின்றது. அது இல்லாவிடின் தீங்கு நேரும். இரத்த அழுத்தமுடையார் பலருக்கு யாதோர் உபாதையும் தோன்றுவதில்லை. “உடம்பு சுகமாய்விட்டது” என எண்ணி அவர் மருந்தை நிறுத்திவிடுவாராயின், பின்னர் பாரிசவாதமோ மாரடைப்போ நேரக்கூடும். சலரோகத்துக்கும் இஃது ஒக்கும். மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை என்னும் ஒரு வாக்கியம் அவருக்கு விளங்கியிருப்பின் அத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

ஆதலால், வைத்தியரிடம் செல்வோர் நான்கு வினாக்களைத் தயங்காது கேட்டல் நன்று. எனக்குள்ள நோய் யாது? அதற்குரிய சிகிச்சை வகைகள் எவை? ஒவ்வொன்றாலும் வரும் நன்மை தீமைகள் என்ன? ஒன்றும் செய்யாதிருப்பின் யாது நிகழும்? விடை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்து விளங்காதாயின், விளங்கவில்லை என்று கூறுவதில் இழிவில்லை. மொழியறிந்த உறவினர் ஒருவரை உடனழைத்துச் செல்க. சொன்னவற்றைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்க. உண்ணும் மருந்துகளையும் அவற்றின் சீட்டுகளையும் மறுமுறை செல்லும்போது கொண்டு சென்று காட்டுக. நாட்டு மருந்து உட்கொள்வதாயின் அதனையும் மறைக்காது கூறுக.

கிறீன் நினைவாகப் பெயர்பெற்ற வைத்தியசாலை மானிப்பாயில் உள்ளது. தமிழ் பேசும் வைத்தியர்களும் தாதியரும் கொழும்பிலே பலர் உள்ளனர். நோயாளர் கைக்கொள்ளத்தக்க சிறு நூல்களை, இக்காலத்து அறிவுக்கேற்ப, எளிய தமிழில் அவர்கள் எழுதி, ஆண்டுதோறும் திருத்தி வெளியிடுவாராயின், 1864-இல் மானிப்பாயில் தொடங்கிய பணி கொழும்பிலே தொடர்வதாகும்.